எரிக்கலாமா, கூடாதா? – ஒரு கேள்வியை நான்காகப் பிரித்துப் படித்தோம்

நெகிழி ஒழிப்பு குறித்து நம் பள்ளிகளில் ஓவியப் போட்டி நடத்துகிறோம். உறுதிமொழி எடுக்கிறோம். மஞ்சப்பையுடன் பேரணி செல்கிறோம். இவை எல்லாமே தேவைதான். ஆனால் இவையெல்லாம் முடிந்த பிறகு மாணவர்களிடமிருந்து ஒரு கேள்வி வரும்: "மறுசுழற்சி பண்ண முடியாததை என்ன டீச்சர் பண்றது? எரிச்சிடலாமா?"

'எரிக்கக் கூடாது' என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். ஆனால் அந்த ஒரு வரி பாதி உண்மைதான். தெருவில் குப்பையை எரிப்பதைத் தடுக்கும் அதே விதிகள், வேறோர் இடத்தில் அதை எரிபொருளாக்கச் சொல்கின்றன. அறிவியலாளர்கள், உள்ளாட்சிகள், ஆலைகளுக்கு அருகில் வசிக்கும் மக்கள் என எல்லாரும் இன்றும் விவாதித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது. முடிவாகாத ஒரு கேள்வியை வகுப்பில் எப்படிக் கையாள்வது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

நான் அரியலூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்கள் மாவட்டம் சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பெயர் பெற்றது. சென்னை உள்ளிட்ட நகரங்களின் பழைய குப்பை மேடுகளைக் கிளறிப் பிரிக்கும்போது கிடைக்கும் நெகிழிக் கழிவு, லாரிகளில் எங்கள் பகுதிச் சிமெண்ட் ஆலைகளுக்குத்தான் எரிபொருளாக வருகிறது. என் வகுப்பில் சிலருடைய அப்பாக்கள் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்கிறார்கள். இன்னும் சிலர் வீடுகளில் கொடியில் காயும் துணி மீது தூசி படிகிறது. எனவே இந்தக் கேள்வி எங்கள் பிள்ளைகளுக்குப் பாடநூல் கேள்வி மட்டும் அல்ல.

ஒன்பதாம் வகுப்பில் நான்கு பாடவேளைகளில் இதைச் செய்தோம். அந்த முறையைப் பகிர்கிறேன். உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதல் பாடவேளை: மறுசுழற்சி ஆகாதது எது?

ஒரு வாரம் பள்ளியிலும் வீட்டிலும் சேர்ந்த நெகிழிப் பொருள்களைக் கழுவி, உலர்த்திக் கொண்டுவரச் சொன்னேன். தரையில் பரப்பி, பொருளின் அடியில் முக்கோணக் குறிக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பிரித்தோம். 1 என்பது தண்ணீர் பாட்டில் செய்யும் பெட். 2 அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன். எண்ணெய் கேன்கள் இதில் அடங்கும். 3 குழாய்கள் செய்யும் பி.வி.சி. 4 அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன்; மெல்லிய பைகளும் உறைகளும் இந்த வகை. 5 டப்பாக்கள் செய்யும் பாலிபுரோப்பிலீன். 6 பாலிஸ்டைரீன், தெர்மாகோல் இதைச் சேர்ந்தது. 7 என்றால் மேற்சொன்ன ஆறிலும் சேராத பிறவகை.

சிப்ஸ், பிஸ்கட் உறைகளிலும் ஷாம்பு, மசாலா பாக்கெட்டுகளிலும் 7 என்று இருந்தது. பலவற்றில் எண்ணே இல்லை. தனியாகக் குவித்தபோது பெரிய குவியல் இதுதான். ஒரு சாக்கு நிறைந்தது. சத்துணவுக் கூடத் தராசில் வைத்தோம். ஒரு கிலோவைக்கூடத் தொடவில்லை.

மறுநாள் வீட்டுப்பாடம்: பழைய இரும்புக் கடைக்காரரிடம் எதை வாங்குவார், எதை வாங்கமாட்டார் என்று கேட்டு வர வேண்டும். பாட்டில், குடம், நாற்காலி, பால் உறை எல்லாம் வாங்குவாராம். சிப்ஸ் உறையும் தெர்மாகோலும் வேண்டாமாம். ஏன்? சிப்ஸ் உறை பார்வைக்கு ஒரே தாள். உண்மையில் நெகிழிப் படலங்களும் அவற்றின் இடையே மிக மெல்லிய அலுமினியப் பூச்சும் சேர்ந்தது அது. ஒவ்வோர் அடுக்கும் வேறு வெப்பத்தில் உருகும். பிரித்தெடுக்க ஆகும் செலவு, கிடைக்கும் பொருளின் விலையைவிட அதிகம். தெர்மாகோலோ பெரும்பகுதி காற்று. வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாது.

இங்கே மாணவர்கள் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கண்டார்கள். 'மறுசுழற்சி செய்ய முடியாதது' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி 'மறுசுழற்சி செய்தால் கட்டுப்படியாகாதது' என்பதே. அப்படியென்றால் உறையை வேறு விதமாகத் தயாரித்தால் அது மறுசுழற்சிக்கு உரியதாகலாம். இந்தக் குறிப்பைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, நான்காம் பாடவேளை வரை அழிக்காமல் வைத்திருந்தோம்.

உலக அளவையும் சொன்னேன். 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2015 வரை உலகில் உருவான நெகிழிக் கழிவில் சுமார் 9 விழுக்காடுதான் மறுசுழற்சி ஆனது. 12 விழுக்காடு எரிக்கப்பட்டது. மீதி 79 விழுக்காடு குப்பைக் கிடங்குகளிலும் மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது.

இரண்டாம் பாடவேளை: எரித்தால் என்ன ஆகிறது?

"1 கிலோ நெகிழியை முழுமையாக எரித்தால் என்ன மிஞ்சும்?" என்று கேட்டேன். "கொஞ்சம் சாம்பல்" என்பதே பெரும்பாலோர் பதில். கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

பாலிஎத்திலீன் சங்கிலியின் ஒரு கண்ணியில் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் உள்ளன. நிறை 12 + 2 = 14. இது எரிய 48 பங்கு ஆக்சிஜன் தேவை. விளைவது 44 பங்கு கார்பன் டை ஆக்சைடும் 18 பங்கு நீராவியும். இரு பக்கமும் 62, நிறை அழியவில்லை. ஆக, 14 கிராம் நெகிழி 44 கிராம் கார்பன் டை ஆக்சைடைத் தருகிறது. 1 கிலோவுக்கு 3.14 கிலோ! எரித்ததும் மறைந்துவிட்டது என்று நினைத்த பொருள், காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு மூன்று மடங்கு நிறையாகிக் காற்றில் கலந்திருக்கிறது. பொருண்மை அழியா விதிக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்து பி.வி.சி. இதன் ஒரு கண்ணியின் நிறை 62.5, அதில் குளோரின் மட்டும் 35.5. அதாவது பாதிக்கும் மேல் குளோரின். எரியும்போது இது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகிறது. ஈரம் பட்டால் அதுவே ஹைட்ரோகுளோரிக் அமிலம். குளோரின் உள்ள பொருள் அரைகுறையாக எரிந்தாலும், எரிந்த புகை 200 முதல் 450 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் மெதுவாகக் குளிர்ந்தாலும் டையாக்சின்கள் உருவாகின்றன. இவற்றில் மிகக் கொடிய வகையை 1997இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. டையாக்சின் மூச்சுக் காற்றில் வருவதைவிட உணவு வழியாகத்தான் அதிகம் வருகிறது. புல்லிலும் மண்ணிலும் படிந்து, மாட்டின் பாலிலும் கோழியின் முட்டையிலும் உள்ள கொழுப்பில் சேர்ந்து நம்மை அடைகிறது.

மறு பக்கத்தையும் அதே வகுப்பில் சொல்ல வேண்டும். 1 கிலோ பாலிஎத்திலீன் எரிந்தால் ஏறத்தாழ 43 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். இது மண்ணெண்ணெய்க்குச் சமம். உலர்ந்த விறகு 15 அளவில்தான் தரும். நெகிழியும் கச்சா எண்ணெயிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் வந்ததுதானே! ஒரே அளவு வெப்பத்துக்கு நிலக்கரி வெளியிடும் கார்பன் டை ஆக்சைடைவிடப் பாலிஎத்திலீன் வெளியிடுவது குறைவு. 'எரிபொருளாகப் பயன்படுத்தலாம்' என்பவர்களின் வலுவான வாதம் இதுதான்.

ஒரு வேண்டுகோள்: இந்தப் பாடத்தில் நெகிழியை எரித்துக் காட்டும் செய்முறை வேண்டாம். சிறு துண்டுகூட வேண்டாம். கணக்கே போதும்.

மூன்றாம் பாடவேளை: நான்கு இடங்கள்

வகுப்பை நான்கு குழுக்களாக்கி, மறுசுழற்சி ஆகாத நெகிழி சென்று சேரும் நான்கு இடங்களைப் பற்றி ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தேன்.

முதல் இடம், தெருவோரத் தீ. வெப்பம் குறைவு, ஆக்சிஜன் போதாது, புகையை வடிகட்ட எதுவும் இல்லை. கார்பன் மோனாக்சைடு, கரித்துகள், டையாக்சின் மூன்றுமே தரைமட்டத்தில் நம் மூக்கருகே வெளிவருகின்றன. போகி அன்று டயரும் நெகிழியும் எரிக்க வேண்டாம் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுவது இதனால்தான். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தடைபட்டன.

இரண்டாம் இடம், எரிக்காமல் குவித்து வைக்கும் குப்பைமேடு. 'எரிக்காவிட்டால் தீங்கில்லை' என்ற எண்ணத்தை இது சோதிக்கிறது. புதைந்த நெகிழியின் கார்பன் காற்றுக்குப் போவதில்லை என்பது உண்மை. ஆனால் நெகிழியோடு உணவுக் கழிவும் கலந்து கிடந்தால் மீத்தேன் உண்டாகிறது, தீப் பிடிக்கிறது. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடியிலும், 2023 மார்ச் 2 அன்று கொச்சி பிரம்மபுரத்திலும் இதுவே நடந்தது. பிரம்மபுரம் பத்து நாளுக்கும் மேல் புகைந்தது. சுற்றுவட்டாரத்தில் சிறு வகுப்புகளுக்குப் பள்ளி விடுமுறை விட வேண்டியிருந்தது.

மூன்றாம் இடம், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 2017இல் இயங்கத் தொடங்கிய ஆலை ஊருக்குள்ளேயே இருக்கிறது. அதன் கூரையில் மக்கள் பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள். அதே டென்மார்க் 2020இல், கார்பன் வெளியீட்டைக் குறைக்க நாட்டின் குப்பை எரிப்புத் திறனைக் குறைப்பதென முடிவெடுத்தது. நம் நாட்டில் டெல்லி திமார்பூரில் 1980களில் அமைத்த ஆலை, வந்த குப்பையில் ஈரமும் மண்ணும் மிகுந்திருந்ததால் சில வாரங்களுக்கு மேல் ஓடவில்லை. அடுத்து டெல்லி ஓக்லாவில் 2012இல் தொடங்கிய ஆலையை எதிர்த்துக் குடியிருப்போர் நீதிமன்றம் சென்றனர். சென்னைக் கொடுங்கையூரில் இத்தகைய ஆலை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2025இல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலி நடத்தினர்.

நான்காம் இடம், எங்கள் ஊர் சிமெண்ட் சூளை. சுண்ணாம்புக்கல் இங்கே ஏறத்தாழ 1,450 டிகிரி வரை சூடாகிறது. சுடரின் வெப்பம் இன்னும் அதிகம். அந்தச் சூட்டில் டையாக்சின் சிதைகிறது. அமில வாயுவைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்கிறது. சாம்பல் சிமெண்டோடு சேர்ந்துவிடுவதால் தனியே கொட்ட வேண்டியதில்லை. எப்படியும் நிலக்கரி எரியும் இடத்தில் அதில் ஒரு பகுதியை மிச்சப்படுத்துகிறது. எதிர்வாதமும் உண்டு: பி.வி.சி. கலந்தால் சூளையில் படிவு கட்டும். ஆகவே நன்றாகப் பிரித்துத் தர வேண்டும். புகை குளிரும் கட்டத்தில் டையாக்சின் மீண்டும் உருவாகாமல் பார்க்க வேண்டும். லாரி போக்குவரத்தும் தூசியும் உள்ளூர் மக்களுக்குத்தான்.

விதிகள் சொல்வதையும் அட்டையில் சேர்த்தேன். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள், கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தரும், மறுசுழற்சி ஆகாத கழிவைப் புதைக்காமல் எரிபொருளாகப் பயன்படுத்தச் சொல்லின. எரிக்கும் ஆலையில் குறைந்தது 950 டிகிரி வெப்பத்தில் புகை 2 விநாடி இருக்க வேண்டும். ஒரு கன மீட்டர் புகையில் டையாக்சின் 0.1 நானோகிராமுக்கு மேல் கூடாது என்றன. அதே 2016இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் வசூலிக்க ஆணையிட்டது.

0.1 நானோகிராம் எவ்வளவு? ஒரு கிராமை ஆயிரம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. பத்தின் அடுக்குகளை அன்று ஆர்வமாகவே எழுதினார்கள். உடனே ஒரு மாணவி கேட்டாள்: "அவ்வளவு சின்னதை யாரு டீச்சர் அளப்பாங்க? தினமும் அளப்பாங்களா?" சரியான கேள்வி. தூசி, கந்தக டை ஆக்சைடு போன்றவற்றைப் புகைபோக்கியில் தொடர்ந்து அளக்கக் கருவிகள் உண்டு. டையாக்சினுக்கோ அவ்வப்போது மாதிரி எடுத்து, சிறப்பு ஆய்வகத்தில்தான் அளக்கிறார்கள். எரிப்பை எதிர்ப்பவர்களின் வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது. தொழில்நுட்பம் இருக்கலாம்; இடைவிடாத கண்காணிப்பு இருக்கிறதா?

நான்காம் பாடவேளை: விவாதம்

'ஆதரவு', 'எதிர்ப்பு' என்று இரண்டாகப் பிரிக்கவில்லை. பட்டிமன்றம் போல நடந்தால் வெல்வதில்தான் கவனம் போகும். ஆறு பேரின் இடத்திலிருந்து பேசச் சொன்னேன்: ஊராட்சித் தலைவர், ஆலைப் பொறியாளர், ஆலைக்கு அருகில் வசிப்பவர், தூய்மைக் காவலர், பழைய பொருள் வாங்குபவர், உறை தயாரிக்கும் நிறுவனத்தார். விதி ஒன்றுதான். தனக்கு எதிரான வாதத்தில் வலுவானதைச் சொல்லிவிட்டுத்தான் தன் வாதத்தைத் தொடங்க வேண்டும். பாதி நேரத்தில் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

"சென்னைக் குப்பை நம்ம ஊருக்கு ஏன் வரணும்?" என்று கேட்டான் ஆலை அருகில் வசிப்பவராகப் பேசிய மாணவன். "வராட்டி அந்த அடுப்புல நிலக்கரி எரியும், குப்பை அங்க மேடா நிக்கும்" என்றாள் பொறியாளர். "அப்போ எங்க ஊருல அளக்குற அளவை எங்க ஊராட்சிப் பலகையில எழுதிப் போடுங்க" என்றான் அவன். வகுப்பு கைதட்டியது. தூய்மைக் காவலராகப் பேசிய மாணவி சொன்னது எல்லாரையும் அமைதியாக்கியது: "வண்டி வராட்டி நான் எங்க வைக்கிறது? எரிச்சா தண்டம், எரிக்காட்டி தெரு நாறுதுன்னு திட்டு. புகை முதல்ல என் நெஞ்சுலதான் போகுது."

உறை தயாரிப்பவர் இடத்தில் பேசியவனுக்குத்தான் பதில் கிடைக்கவில்லை. கரும்பலகை ஓரத்தில் இருந்த வரியை மற்றவர்கள் சுட்டிக்காட்டினார்கள். நெகிழி உறைகளுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பேற்க வேண்டும் என்ற நெறிமுறைகளை மத்திய அரசு 2022 பிப்ரவரியில் வெளியிட்டதை அப்போது சொன்னேன். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கிய நெகிழிச் சாலை முறையையும் விளக்கினேன். சூடான சரளைக்கல் மீது நெகிழித் துகளை உருக்கிப் பூசி, பிறகு தாருடன் கலக்கிறார்கள். இதில் நெகிழி எரிவதில்லை, உருகுகிறது. பி.வி.சி. இதற்கும் ஆகாது.

மாணவர்கள் எங்கே வந்து சேர்ந்தார்கள்?

முடிவில் வாக்கெடுப்பு நடத்தவில்லை. 'எரிக்கலாமா?' என்ற கேள்வியை நான்கு கேள்விகளாக மாற்றி எழுதினோம். எதை எரிக்கிறோம்? எங்கே எரிக்கிறோம்? எவ்வளவு வெப்பத்தில்? யார் கண்காணிப்பில்? தெருவோரத் தீ இந்த நான்கிலும் தோற்கிறது; அங்கே விவாதத்துக்கு இடமே இல்லை. ஆலையும் சூளையும் எந்தக் கேள்வியில் தேறுகின்றன, எதில் தேறவில்லை என்று ஊருக்கு ஊர் பார்க்க வேண்டும். நான்குக்கும் முன்னால் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தவர்கள் மாணவர்களே: இந்த உறை தேவைதானா?

இந்தப் பட்டியலை முதலில் எங்கள் பள்ளிக்கே பொருத்தினோம். கட்டடத்தின் பின்புறம் மாலையில் குப்பை எரியும் குழி மூடப்பட்டது. அதற்கு முன் குப்பையைப் பெருக்கும் அக்காவிடம் பேசி, உலர்ந்த உறைகளுக்குத் தனிச் சாக்கு வைத்தோம். மாற்று வழி கொடுக்காமல் 'எரிக்காதே' என்று சொல்வதில் நியாயமில்லை என்பதை விவாதத்திலேயே கற்றிருந்தோம். சாக்கு நிறைந்ததும் தூய்மைக் காவலரிடம் கொடுக்கிறோம். அது எங்கே போகிறது என்று மாணவர்கள் ஊராட்சிச் செயலரிடம் கேட்டார்கள். கொட்டகையில் சேர்த்துவைத்து, ஒரு வண்டிக்கு ஆனதும் சிமெண்ட் ஆலைக்கு அனுப்புவோம் என்றார். எப்போது போகிறது என்று மாதம் ஒருமுறை விசாரித்து, சுற்றுச்சூழல் மன்றக் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். முதல் இரண்டு மாதமும் 'கொட்டகையில் உள்ளது' என்றே எழுதியிருக்கிறார்கள். அதுவும் பதிவாக வேண்டிய தகவல்தான்.

தொடக்க வகுப்புகளில்

கணக்கும் டையாக்சினும் இல்லாமலே இதைச் செய்யலாம். 'கடைக்காரர் வாங்குவார்', 'வாங்கமாட்டார்' என்று இரண்டு கூடைகளில் பொருள்களைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு மிட்டாய் உறை குழந்தையின் கையிலிருந்து எங்கெல்லாம் போகலாம் என்று படம் வரையச் சொல்லுங்கள். எரியும் குப்பை அருகே நிற்கக் கூடாது, காற்று வரும் பக்கமாக விலகிச் செல்ல வேண்டும் என்பதைச் சிறு குழந்தைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டும்.

மதிப்பீட்டுக்கு நான் கொடுத்த வினாக்கள்

1. 500 கிராம் பாலிஎத்திலீன் முழுமையாக எரிந்தால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளிவரும்?

2. சிப்ஸ் உறையைப் பழைய பொருள் வாங்குபவர் ஏற்காததற்கு இரண்டு காரணங்கள் எழுதுக.

3. உங்கள் ஊரில் நெகிழிக் கழிவை எரிக்கும் ஆலை வருவதாகக் கொள்வோம். கிராம சபையில் நீங்கள் கேட்க விரும்பும் மூன்று கேள்விகள் எவை? ஒவ்வொன்றையும் ஏன் கேட்கிறீர்கள்?

மூன்றாம் வினாவுக்கு ஒரே சரியான விடை கிடையாது. ஆலை வேண்டும் என்று எழுதியவருக்கும் வேண்டாம் என்று எழுதியவருக்கும் முழு மதிப்பெண் கிடைத்தது. காரணம் எழுதாமல் முழக்கம் மட்டும் எழுதிய தாள்களைத் திருப்பிக் கொடுத்து, மீண்டும் எழுதி வாங்கினேன். இன்னும் சில ஆண்டுகளில் இந்தப் பிள்ளைகள் கிராம சபையில் வாக்குரிமையோடு உட்காரப் போகிறவர்கள். அங்கே யார் எதைச் சொன்னாலும் 'எதை, எங்கே, எவ்வளவு வெப்பத்தில், யார் கண்காணிப்பில்' என்று எழுந்து கேட்கும் பழக்கம் அவர்களுக்கு வந்துவிட்டால், நான்கு பாடவேளை வீணாகவில்லை.